கோத்தார்டு அடிவாரச் சுரங்கம்: மலையிடம் முதலில் கேட்டார்கள், பிறகுதான் குடைந்தார்கள்

1990களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் நிலவியலாளர்களைத் தூங்கவிடாத ஒரு பெயர் இருந்தது: பியோரா. ஆல்ப்ஸ் மலையின் நடுவே, இரு கெட்டிப் பாறைத் திரள்களுக்கு இடையில் செருகிக் கிடக்கும் டோலமைட் (சுண்ணாம்புக்கல்லைப் போன்ற ஒரு பாறை) பட்டை அது. மலைமேல் அது வெளியே தெரியும் இடங்களில் ஒரு துண்டைக் கையில் எடுத்தால் வெள்ளையாக உதிரும். 'சர்க்கரை டோலமைட்' என்றே அதற்குப் பெயர். அந்தப் பொடி நீரில் ஊறி, ஆயிரம் மீட்டருக்கும் மேலான மலையின் பாரத்தைச் சுமந்துகொண்டு, சுரங்கம் போகவேண்டிய மட்டத்திலும் இருக்குமானால் என்ன ஆகும்? அதில் துளை விழுந்த கணமே மணலும் நீரும் பீறிட்டு வந்து ஆளையும் எந்திரத்தையும் மூடிவிடும். அப்படி ஒரு பட்டையைச் சுற்றிக்கொண்டு போகவும் வழியில்லை. வடக்கிலிருந்து தெற்கே போகும் எந்தச் சுரங்கமும் அதைக் குறுக்கே வெட்டித்தான் ஆகவேண்டும்.

அந்த மலைக்கு அடியில் 57 கி.மீ. நீளத்துக்கு இரட்டை ரயில் சுரங்கம் போட வேண்டும் என்பது திட்டம். வடக்கே ஊரி மாநிலத்தின் எர்ஸ்ட்ஃபெல்டில் நுழைந்து, தெற்கே டிச்சினோ மாநிலத்தின் போடியோவில் வெளியே வரவேண்டும். சில இடங்களில் தலைக்கு மேல் 2,300 மீட்டர் பாறை. இரண்டு பிரதான குழாய்கள், குறுக்கு வழிகள், அணுகுபாதைகள், செங்குத்து ஷாஃப்ட்கள் எல்லாம் சேர்ந்து 152 கி.மீ. குடைவு. மாயக்கதைகளில் மலைக்கடியில் மண்டபம் மண்டபமாகக் குடைந்து வாழும் குள்ளர் இனத்தாரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், அவர்களே ஒருமுறை தாடியைத் தடவிக்கொண்டு யோசிப்பார்கள்.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எந்திரங்களின் பிரமாண்டத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, குடையத் தொடங்குவதற்கு முன் அவர்கள் செலவிட்ட ஆண்டுகளும், குடையும்போது மலை சொன்னதைக் கேட்டு வழியையும் முறையையும் மாற்றிக்கொண்ட இடங்களும். அந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழைய சுரங்கத்தின் கடன்

கோத்தார்டில் ஏற்கெனவே ஒரு ரயில் சுரங்கம் உண்டு. 1872-ல் தொடங்கி 1882-ல் திறக்கப்பட்ட அது, 15 கி.மீ. நீளம். அக்காலத்தில் உலகிலேயே நீளமானது. ஒப்பந்தம் எடுத்தவர் ஜெனீவாவைச் சேர்ந்த லூயி ஃபாவ்ர். எட்டே ஆண்டுகளில் முடித்துத் தருவதாக அவர் கையெழுத்திட்டார், தாமதமானால் அபராதம். அந்த அவசரம் முழுவதும் தொழிலாளர்களின் தலையில் இறங்கியது. பெரும்பாலானோர் இத்தாலியிலிருந்து வந்த ஏழைகள். டைனமைட் புகை வெளியேற வழியில்லை, வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும், தண்ணீர் காலடியில் ஓடும், மலம் கழிக்கக்கூட இடமில்லை. கொக்கிப்புழு பரவி, ஆட்கள் இரத்தம் சுண்டி வெளுத்துப்போனார்கள். 'கோத்தார்டு சோகை' என்று அந்நோய்க்கு மலையின் பெயரே ஒட்டிக்கொண்டது. 1875-ல் வடக்கு வாயிலான கோஷெனன் பக்கத்தில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியபோது துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். மொத்தத்தில் அந்தச் சுரங்கம் சுமார் 200 உயிர்களை வாங்கியது.

ஃபாவ்ரும் தப்பவில்லை. 1879 ஜூலையில் சுரங்கத்துக்குள் பார்வையிடச் சென்ற இடத்திலேயே சரிந்து விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 53. ஏழு மாதம் கழித்து, 1880 பிப்ரவரி 29 அன்று இரு பக்கக் குடைவும் சந்தித்தன. நடுவே விழுந்த சிறு துளை வழியாக முதலில் மறுபக்கம் போனது, அவருடைய புகைப்படம் வைத்த ஒரு தகரப் பெட்டி. இரு குடைவுகளுக்கும் இடையே பக்கவாட்டில் 33 செ.மீ., உயரத்தில் 5 செ.மீ. மட்டுமே விலகல் இருந்தது. அந்தக் கால அளவைக் கருவிகளை வைத்துக்கொண்டு இதைச் சாதித்தவர்களை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

ஆனால் அந்தச் சுரங்கத்துக்கு ஒரு குறை. அது மலையின் இடுப்பில் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கும் மேல். அந்த உயரத்துக்கு ரயில் ஏற வேண்டுமென்றால் மலைக்குள்ளேயே சுருள் சுருளாகச் சுற்றி ஏறவேண்டும். வாஸன் என்ற ஊரின் சிறிய தேவாலயம் பயணிகளுக்கு மூன்று முறை தெரியும். முதலில் தலைக்கு மேலே, பிறகு பக்கத்தில், பிறகு காலடியில். பார்க்க அழகுதான். சரக்கு ரயிலுக்கோ அது சோதனை. கூடுதல் எஞ்சின் பூட்டி இழுக்க வேண்டும், எடையைக் குறைக்க வேண்டும். கடைசியில் சரக்கெல்லாம் லாரிக்கு மாறி, ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகள் புகையில் மூச்சு முட்டின.

மலையின் பாதத்திலேயே, ஏற்றமில்லாமல் ஒரு சுரங்கம் போடலாம் என்ற யோசனையை கார்ல் எட்வர்ட் க்ரூனர் என்ற பொறியாளர் 1947-லேயே வரைந்து காட்டியிருந்தார். அது நடைமுறைக்கு வர ஒரு நாட்டின் மக்கள் முழுவதும் வாக்களிக்க வேண்டியிருந்தது. 1992-ல் திட்டத்துக்கு ஆதரவாகவும், 1994-ல் மலையைக் கடக்கும் சரக்கை லாரியிலிருந்து ரயிலுக்கு மாற்ற வேண்டும் என்றும், 1998-ல் அதற்கான நிதிக்கு ஒப்புதல் அளித்தும் சுவிஸ் மக்கள் வாக்களித்தார்கள். புதிய பாதையின் மிக உயரமான புள்ளி சுமார் 550 மீட்டர். பழையதில் பாதி.

பியோராவைத் தொட்டுப் பார்த்தது

இனி அந்தச் சர்க்கரைக்கு வருவோம். திட்டமே முடியுமா முடியாதா என்று தெரியாத நிலையில், அதைத் தெரிந்துகொள்வதற்காக மட்டுமே தெற்குப் பக்கத்து ஊரான ஃபைடோவின் அருகிலிருந்து ஐந்தரை கி.மீ. நீளத்துக்கு ஒரு ஆய்வுச் சுரங்கம் குடைந்தார்கள். ரயில் ஓடாத, சாமான் போகாத, ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடும் சுரங்கம். அது எதிர்காலச் சுரங்கத்தின் மட்டத்தைவிட முந்நூறு மீட்டருக்கும் மேலே போனது. பியோராவை நெருங்கியதும் எந்திரத்தை நிறுத்திவிட்டு, முன்னே மெல்லிய துளை போட்டுப் பார்த்தார்கள்.

1996-ல் அந்தத் துளை சர்க்கரை டோலமைட்டைத் தொட்டது. பயந்தது அப்படியே நடந்தது. கடும் அழுத்தத்தோடு நீரும் மணலும் ஆய்வுச் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. கையகல விட்டம்கூட இல்லாத ஒரு துளைக்கே இந்த வேகம் என்றால், ஒன்பது மீட்டர் விட்டமுள்ள சுரங்கம் அங்கே போய் முட்டினால்?

பலர் இங்கே நின்றிருப்பார்கள்; சிலர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வழி என்று வரைபடத்தை மாற்றியிருப்பார்கள். இவர்கள் செய்தது வேறு. அந்த ஆய்வுச் சுரங்கத்தின் முனையிலிருந்தே கீழ்நோக்கிச் சாய்வாக மேலும் துளைகள் போட்டு, உண்மையான சுரங்கம் போகப்போகும் ஆழத்தில் பாறை எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். கிடைத்த பதிலை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. கீழே போகப்போக டோலமைட்டின் துவாரங்களில் அன்ஹைட்ரைட் என்ற கனிமம் நிறைந்து, பாறை கெட்டித்துப் போயிருந்தது. நடுவே ஜிப்சம் ஒரு மூடி போல அமைந்து மேலிருக்கும் நீரைத் தடுத்திருந்தது. சுரங்க மட்டத்தில் நீரும் இல்லை, அழுத்தமும் இல்லை. 2008-ல் துளைப்பு எந்திரம் அந்தப் பட்டைக்குள் நுழைந்து, பெரிய சங்கடம் எதுவுமின்றி மறுபக்கம் வந்தது. மொத்தத் திட்டத்திலேயே மிக அஞ்சப்பட்ட இடம் மிக அமைதியாகக் கடந்துபோனது.

இந்த ஆய்வுச் சுரங்கத்துக்கு ஆன செலவை வீண் என்று சொன்னவர்கள் அப்போது இருந்திருக்கலாம். என் கணிப்பில், முழுத் திட்டத்திலும் இதைவிட நல்ல முதலீடு எதுவும் கிடையாது. இதற்குப் பின்னால் நடந்த எல்லாமே இந்த ஒரு பதிலின்மேல் நிற்கிறது.

செட்ருன்: நெருக்கும் மலைக்கு இடம் விட்டது

வேலையை ஐந்து பகுதிகளாகப் பிரித்தார்கள்: எர்ஸ்ட்ஃபெல்ட், ஆம்ஸ்டெக், செட்ருன், ஃபைடோ, போடியோ. இரு முனைகளிலிருந்து மட்டும் குடைந்தால் ஒரு தலைமுறை ஆகும். அதனால் நடுவிலும் இறங்கி வேலை செய்ய வழி வேண்டும். அதில் மிகத் துணிச்சலானது செட்ருன்.

செட்ருன் ஒரு மலைக் கிராமம். பள்ளத்தாக்கிலிருந்து மலைக்குள் ஒரு கி.மீ. தட்டையாகப் போனால் ஒரு குகை மண்டபம். அங்கிருந்து நேர்க்குத்தாக 800 மீட்டர் கீழே இறங்கும் ஷாஃப்ட். ஆட்கள், சிமெண்ட், எந்திரப் பாகங்கள், உடைத்த பாறை எல்லாமே அந்தக் குழி வழியாகத்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். அடியில் போய் நின்றதும் வடக்கே இரண்டு, தெற்கே இரண்டு என்று நான்கு முகங்களில் குடைவு தொடங்கியது.

வடக்கே காத்திருந்தது தவெட்ச் இடைப்பாறை. ஒரு கி.மீ.க்கும் மேல் நீளும் இந்தப் பகுதியில் பாறை மலை உருவான காலத்தில் அரைபட்டு நொறுங்கிக் கிடக்கிறது. அங்கே ஒரு குகை வெட்டினால், சுற்றியுள்ள பாறை மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து அதை மூடப் பார்க்கும். முதலில் நினைவுக்கு வரும் தீர்வு இன்னும் தடிமனான எஃகு, இன்னும் தடிமனான காங்கிரீட். அந்த ஆழத்தில் அதெல்லாம் செல்லாது. எண்ணூறு மீட்டர் மலை நகர்ந்து வந்தால் எஃகு வளையம் முறுக்கிக்கொண்டு நசுங்கும்.

அங்கே கையாண்ட முறை நிலக்கரிச் சுரங்கத் தொழிலிலிருந்து வந்தது. தேவையான அளவைவிடக் கணிசமாகப் பெரிதாக வெட்டினார்கள். சில இடங்களில் விட்டம் 13 மீட்டர் வரை. உள்ளே பொருத்திய எஃகு வளையம் ஒரே துண்டாக இல்லை. பல துண்டுகள், ஒன்றின் முனை இன்னொன்றின்மேல் ஏறியிருக்கும்படி, கவ்விகளால் இறுக்கிப் பிடிக்கப்பட்டவை. பாறை தள்ளும்போது கவ்வி முழுதாகப் பிடிவாதம் பிடிக்காது. குறிப்பிட்ட விசையில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, வளையம் சுருங்கும். சுருங்கிக்கொண்டே எதிர்ப்பும் கொடுக்கும். எழுபது செ.மீ. அளவுக்குக்கூட மலை உள்ளே வர இடம் விட்டிருந்தார்கள். எதிரே உள்ள பாறை முகம் சரிந்துவிடாமல் அதற்குள் நீண்ட நங்கூரக் கம்பிகளை அடித்தார்கள். சுற்றுச்சுவரில் குறிகள் வைத்து, இன்று எவ்வளவு நகர்ந்தது, நேற்று எவ்வளவு என்று அளந்துகொண்டே மீட்டர் மீட்டராக முன்னேறினார்கள். நகர்வு குறைந்து அடங்கிய பிறகுதான் நிரந்தரக் காங்கிரீட். மலை தன் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளும்வரை காத்திருந்து, அது ஓய்ந்த பிறகு சுவர் கட்டினார்கள் என்று சொல்லலாம்.

இந்தப் பகுதியில் எந்திரத் துளைப்பு எதுவும் இல்லை. துரப்பணம், வெடி, அள்ளல், தாங்கல். எல்லாம் ஆள் கண் பார்த்து, காது கேட்டுச் செய்த வேலை.

தலைக்கு மேலே மூன்று அணைகள்

செட்ருன் பகுதியில் இன்னொரு கவலையும் இருந்தது. அதை அறிய 1978-க்குப் போகவேண்டும். வலே மாநிலத்தில் ரவில் நெடுஞ்சாலைச் சுரங்கத்துக்காக ஒரு ஆய்வுக் குடைவு போட்டபோது, மலையிடுக்குகளில் தேங்கியிருந்த நீர் வடிந்தது. நீர் வடிந்ததும் மலை சற்றே தணிந்தது. ஒரு கி.மீ.க்கும் அப்பால் இருந்த சோய்சியர் வளைவு அணை உருக்குலைந்து விரிசல் விட்டது. நீர்த்தேக்கத்தையே வடித்துவிட்டுப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று.

கோத்தார்டு சுரங்கத்தின் பாதைக்கு மேலேயோ நால்ப்ஸ், குர்னேரா, சாந்தா மரியா என்று மூன்று பெரிய அணைகள். வளைவு அணை தன் பலத்தை இரு பக்க மலைகளிடமிருந்து பெறுகிறது. அந்த மலைகள் ஒன்றையொன்று சில சென்டிமீட்டர் நெருங்கினாலோ விலகினாலோ அணைக்கு ஆபத்து. ஆகவே குடைவு அங்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பள்ளத்தாக்கின் இரு பக்கமும் தானியங்கி அளவைக் கருவிகளை நிறுத்தினார்கள். பனியிலும் புயலிலும் அவை மில்லிமீட்டர் கணக்கில் அளந்துகொண்டே இருந்தன. பருவத்துக்குப் பருவம் மலை இயல்பாகவே அசையும் என்பதால், அந்த இயல்பை முதலில் பதிவு செய்தால்தான் சுரங்கத்தால் வரும் அசைவைப் பிரித்தறிய முடியும். கீழே குடைவில் நீர் கசியும் பிளவுகளில் கலவையைச் செலுத்தி அடைத்தார்கள். தரை சற்றே தணிந்தது உண்மை. அணைகளுக்குச் சேதம் இல்லை.

எந்திரமும் சிக்கும்

கெட்டிப் பாறைப் பகுதிகளில் வேலை செய்தவை ஜெர்மனியின் ஹெரென்க்னெக்ட் நிறுவனம் கட்டிய நான்கு துளைப்பு எந்திரங்கள். தொழிலாளர்கள் அவற்றுக்கு இட்ட பெயர்கள் தெற்கே சிஸ்ஸி, ஹெய்டி. வடக்கே காபி ஒன்று, காபி இரண்டு. பின்னால் இழுத்து வரும் தளவாடங்களோடு சேர்த்து ஒவ்வொன்றும் 400 மீட்டருக்கும் மேல் நீளம். முகப்பில் சுமார் 60 உருளை வெட்டிகள் பாறையை அழுத்தி உருண்டு, அதைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும்.

இவ்வளவு பெரிய எந்திரமும் 2005 ஜூனில் ஆம்ஸ்டெக் பகுதியின் மேற்குக் குழாயில் சிக்கிக்கொண்டது. நீர் நிறைந்த ஒரு நொறுங்கல் பட்டையிலிருந்து தளர்ந்த கற்கள் முகப்பை அடைத்துவிட, வெட்டுத்தலை சுழல மறுத்தது. இணையாக ஓடும் கிழக்குக் குழாயில் அதன் ஜோடி எந்திரம் அதே பட்டையைத் தாண்டிப் போயிருந்தது. அந்தக் குழாயிலிருந்து குறுக்கே ஒரு வழி வெட்டி, சிக்கிய எந்திரத்தின் முன்பக்கம் போய், தளர்ந்த மண்ணைக் கெட்டிப்படுத்தி, எதிர்த்திசையில் குடைந்து அதை விடுவித்தார்கள். ஐந்து மாதம் போனது. இரண்டு குழாய்களை அடுத்தடுத்துப் போட்டதன் பயன் ரயில் ஓடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

ஆழத்தில் பாறையின் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. வேலையிடத்தில் காற்று 28 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது விதி. குளிர்நீரைக் குழாய்களில் உள்ளே அனுப்பி, காற்றைக் குளிரவைத்துக்கொண்டே வேலை நடந்தது. ஃபாவ்ரின் ஆட்கள் மூச்சுத் திணறிய அதே மலைத்திரளில், அதைவிட ஆழத்தில், இந்த ஒரு எண்ணைக் காப்பதற்கு மட்டும் தனியாக ஒரு குளிரூட்டல் கட்டமைப்பு தேவைப்பட்டது.

2010 அக்டோபர் 15 அன்று செட்ருனுக்கும் ஃபைடோவுக்கும் இடையே கிழக்குக் குழாயில் கடைசிப் பாறைத் திரை உடைந்தது. உடைத்தது சிஸ்ஸி. தூசி அடங்கியதும் தொழிலாளர் ஒருவர் புனித பார்பராவின் சிலையை ஏந்தி அந்த வாசலைக் கடந்தார். சுரங்கத் தொழிலாளர்களின் காவல் புனிதை அவர். பக்கவாட்டில் விலகல் 8 செ.மீ., உயரத்தில் 1 செ.மீ. செட்ருன் பக்கத்தின் திசை முழுவதும் அந்த 800 மீட்டர் குழி வழியாகக் கீழே இறக்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சுரங்கத்துக்குள் செயற்கைக்கோள் தெரியாது. சூடான சுவரின் அருகே ஒளிக்கதிரே வளையும். சுழல்மானிக் (கைரோஸ்கோப்) கருவிகளை வைத்துத் திசையைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துத்தான் அந்த 8 செ.மீ. வந்தது.

திறந்த பிறகு

2016 ஜூன் 1 அன்று சுரங்கம் திறக்கப்பட்டது. ஜப்பானின் செய்கான் சுரங்கத்தை முந்தி உலகின் மிக நீளமான ரயில் சுரங்கம் என்ற பெயர் கோத்தார்டுக்கே திரும்பியது. டிசம்பரில் கால அட்டவணைப்படி ரயில்கள் ஓடத் தொடங்கின. செலவு சுமார் 1,220 கோடி பிராங்க். சூரிக்கில் வாழும் ஈழத் தமிழர் ஒருவர் லுகானோவில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு இன்று ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். அதில் மலைக்கடியில் கழிவது சுமார் இருபது நிமிடம்.

வெளியே வந்த பாறை 2.82 கோடி டன். அதில் ஒரு பங்கை நொறுக்கி, சுரங்கத்துக்கான காங்கிரீட்டிலேயே ஜல்லியாகப் போட்டார்கள். ஒரு பங்கு ஊரி ஏரிக்குப் போய், ராய்ஸ் ஆற்று முகத்தில் குட்டித் தீவுகளாயிற்று. சிலவற்றில் மக்கள் நீந்திக் குளிக்கிறார்கள், சிலவற்றைப் பறவைகளுக்கு விட்டிருக்கிறார்கள். செட்ருனின் ஷாஃப்டை லிஃப்டாக்கி, சுரங்கத்தின் நடுவே 'போர்ட்டா ஆல்பினா' என்ற நிலையம் வைக்கலாம் என்றும் ஒரு கனவு இருந்தது. 800 மீட்டர் லிஃப்டில் ஏறி நேராக மலைக் கிராமத்துக்கு! பணமும் பயன்பாடும் கணக்குக்கு வராமல் அது கைவிடப்பட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கட்டுமானத்தில் ஒன்பது பேர் உயிரிழந்தார்கள்: ஜெர்மானியர் நால்வர், இத்தாலியர் மூவர், தென்னாப்பிரிக்கர் ஒருவர், ஆஸ்திரியர் ஒருவர். அவர்களுக்கான நினைவுப் பலகை வடக்கு வாயிலருகே உள்ளது. பழைய சுரங்கத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு என்று சொல்வது எளிது. அந்தக் குறைவு தானாக வந்ததல்ல என்பதுதான் இங்கே சொல்ல வேண்டியது. முன்கூட்டிய துளைகள், அளவைகள், வெப்ப வரம்பு, வேலையை நிறுத்திவைக்கும் அதிகாரம் என்று ஒவ்வொன்றுக்கும் யாரோ நேரமும் பணமும் கேட்டு வாங்கியதால் வந்தது.

2023 ஆகஸ்ட் 10 அன்று மேற்குக் குழாயில் ஒரு சரக்கு ரயிலின் சக்கரம் உடைந்து, பெட்டிகள் தடம் புரண்டன. யாருக்கும் காயமில்லை. ஆனால் சுமார் 7 கி.மீ. தண்டவாளமும் ஏறத்தாழ 20,000 காங்கிரீட் ஸ்லீப்பர்களும் நாசமாயின. ஃபைடோவில் ஒரு குழாயிலிருந்து மறு குழாய்க்கு ரயில் மாறும் இடத்தை மூடும் பெரிய கதவும் சிதைந்தது. தீ பிடித்தால் புகை மறு குழாய்க்குள் போகாமல் தடுப்பது அந்தக் கதவுதான். அது இல்லாத நிலையில் பயணிகளை உள்ளே விட நிர்வாகம் சம்மதிக்கவில்லை. கிழக்குக் குழாயில் இரு வாரத்துக்குள் சரக்கு ரயில்கள் ஓடத் தொடங்கின. பயணி ரயில்கள் பல வாரங்கள் பழைய சுரங்கம் வழியாக, வாஸன் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு போயின. தற்காலிகக் கதவு பொருத்திய பிறகே அவற்றில் சில கீழே இறங்கின. பழுது பார்க்க ஆன செலவு சுமார் 15 கோடி பிராங்க். இரு குழாய்களிலும் முழு ஓட்டம் 2024 செப்டம்பர் 2 அன்று மீண்டும் தொடங்கியது.